பட்டன் பேட்டரியும் பவர் பேங்கும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களே, வணக்கம்.

தவணை முடியப் போகுது. போட்டி விளையாட்டு நல்லபடியா முடிஞ்சது, செந்தமிழ் விழாவுலயும் நம்ம பிள்ளைங்க கதை, கவிதைன்னு நல்லா செஞ்சாங்க. கூட்டுத் துப்புரவுக்கு வந்த எல்லாருக்கும் நன்றி.

இப்ப முக்கியமான விஷயம். போன வாரம் ஓய்வு நேரத்துல ஒண்ணாம் ஆண்டு பிள்ளை ஒண்ணு ஒரு பக்கக் கன்னம் உப்பிப்போய் நின்னுச்சு, மிட்டாய்னு நெனச்சு டீச்சர் வாயத் தொறக்கச் சொன்னா உள்ள பட்டன் பேட்டரி. விழுங்கல, கடவுள் புண்ணியம். விசாரிச்சா, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில வாங்குற லைட்டு பம்பரம், மினுக்குற மோதிரம், இதையெல்லாம் நோண்டி பேட்டரிய எடுத்து கோலிக்குண்டு மாதிரி மாத்திக்கிறாங்களாம், மூணு பேட்டரிக்கு ஒரு ஸ்டிக்கர். அன்னிக்கு பைங்கள பாத்ததுல பதினொண்ணு கெடச்சுது, கூடவே உப்பிப்போன பவர் பேங்க் ஒண்ணும். யார் பிள்ளைன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, எல்லாரும் நம்ம பிள்ளைங்கதான்.

நான் பல வருஷம் அறிவியல் சொல்லிக்குடுத்தவ, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். 1800ல வோல்ட்டாங்குற இத்தாலிக்காரர் துத்தநாகத் தட்டு, வெள்ளித் தட்டு, நடுவுல உப்புத்தண்ணியில நனைச்ச அட்டைன்னு மாத்தி மாத்தி அடுக்கி கரண்ட் எடுத்தாரு, வோல்ட்டுங்குற பேரே அவராலதான் வந்துச்சு. நம்ம அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்க எலுமிச்சம்பழத்துல ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி செஞ்சதும் அதேதான். ஒரு பழத்துல ஒரு வோல்ட்டு கூட வராது, மூணு நாலு பழத்த கோர்த்தாதான் குட்டி சிவப்பு லைட்டு மங்கலா எரியும். ஆனா இருபது காசு அளவு இருக்குற அந்த லித்தியம் பட்டன் பேட்டரி ஒண்ணுலயே 3 வோல்ட்டு இருக்கு.

அது உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா அங்க இருக்குற ஈரமே கம்பி மாதிரி ஆகி கரண்ட் ஓட ஆரம்பிச்சிரும். பேட்டரி ஒடஞ்சு மருந்து கசியணும்னு அவசியமே இல்ல, நெகட்டிவ் பக்கம் படுற எடத்துல காரம்ங்குற ரசாயனம் உண்டாகி சதைய அரிச்சிரும், 2 மணி நேரத்துலயே பெரிய காயம் ஆகலாம். டீச்சர்மாருக்குக் காட்ட கோழி சாசேஜ் துண்டு மேல ஒண்ண வெச்சேன், கொஞ்ச நேரத்துல ஓரத்துல நுரை பொங்குச்சு, கடைசி மணி அடிக்கிறப்ப எடுத்துப் பாத்தா அடியில கருகிப்போய் பள்ளம். ரெண்டு டீச்சர் அழுதுட்டாங்க. ரிமோட்டு வேலை செய்யலன்னு தூக்கிப் போடுற பேட்டரியிலயும் இந்த அளவுக்கு சக்தி மிச்சம் இருக்கும்.

விழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே இருக்குற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க, இல்ல 999 கூப்புடுங்க. எக்ஸ்ரேல காசுன்னா ஒரு வளையம், பேட்டரின்னா ஓரத்துல ரெட்டை வளையம் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, சோறு தண்ணி குடுக்காதீங்க. ஒரு வயசு தாண்டின பிள்ளைன்னா, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் குடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல வேணாம், தேன் தேடி நேரம் போக்கவும் வேணாம். மூக்குல காதுல போனாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து மட்டும் விட்டுறாதீங்க.

பவர் பேங்க்ல இருக்குறது லித்தியம் அயன் வகை பேட்டரி. உப்பியிருந்தா உள்ள கேஸ் சேந்திருக்குன்னு அர்த்தம், குத்துனாலோ நசுக்குனாலோ தீப்பிடிக்கும். நாங்க அத மணல் வாளியில வெச்சு வெளிய கொண்டுபோனோம். வெள்ளன ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க தலை லைட்ட ராத்திரி மெத்தை மேல, தலகாணிக்கு அடியில சார்ஜ் போடாதீங்க, தரையில வைங்க. வீட்டுக்குப் பின்னாடி குப்பை கொளுத்துறப்ப பேட்டரி சேந்துச்சுன்னா வெடிக்கும்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். திங்கக்கிழமையிலேர்ந்து பட்டன் பேட்டரி சாமானோ பவர் பேங்கோ பையில இருந்தா எடுத்து வெச்சிருவோம், அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்துதான் வாங்கிக்கணும். "சின்ன வெளையாட்டு சாமான்தான டீச்சர்"னு யாரும் வந்து கேக்காதீங்க, இதுல நான் எறங்கி வர மாட்டேன். ஸ்க்ரூ போட்டு மூடுற பேட்டரி மூடி இல்லாத சாமான வாங்கியே குடுக்காதீங்க.

காலையில இருட்டுல வேலைக்குப் போறீங்க, பிள்ளைய பாட்டி தாத்தாதான் பாத்துக்கிறாங்க, எல்லாத்தையும் கண்ல வெச்சிருக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். அதான் இந்தக் கடிதத்த அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்கன்னு கேக்குறேன். பிள்ளைங்கள அடிக்காதீங்க, பயத்துல விழுங்கினதையே மறைச்சிருவாங்க. பழைய பட்டன் பேட்டரிய ரெண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி ஆபீஸ் வாசல்ல இருக்குற மஞ்சள் டப்பாவுல போடுங்க, கேட்டதும் டப்பா செஞ்சு குடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்க நண்பருக்கு என் நன்றி. வேற எதையும் விழுங்கலன்னு உறுதி பண்ண அன்னிக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்து எக்ஸ்ரே எடுக்குற வரைக்கும் பொறுமையா இருந்த அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கும் ரொம்ப நன்றிங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்