கப்ரேரியாவுக்குப் போய் வந்தேன்

பலெர்மோ,
செப்டம்பர் 1, 2025

என் அன்புப் பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் கம்பியைப் பிடிக்கிறார். நீ சுகமா என்று கேட்டால் "சுகம் அம்மா" என்று ஒரு வரி வரும். மே மாதத்திலிருந்து அந்த ஒரு வரிதான் வருகிறது. தமிழ்ப் பள்ளியில் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கிய பிள்ளை, மூன்று மொழி எழுதத் தெரிந்த பிள்ளை, அம்மாவுக்கு இரண்டு சொல். ஆகையால் இன்று அதைக் கேட்கவில்லை. நேற்று நாங்கள் எங்கே போனோம் என்று எழுதுகிறேன்.

ஜிங்காரோ காப்புக்காட்டுக்குப் போனோம். கப்ரேரியாக் கடலுக்கு. உனக்குத் தெரிந்த இடம்தான்.

33 வருடமாக இந்தத் தீவில் இருக்கிறேன், மொண்டெல்லோவுக்கு அப்பால் ஒரு கடலில் நான் கால் நனைத்ததில்லை. சின்னவன்தான், ஞாயிற்றுக்கிழமைகூடச் சட்டி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்று பிடிவாதமாகக் காரில் ஏற்றினான். விடிய நாலு மணிக்கு எழுந்து இடியப்பமும் சம்பலும் கட்டினேன். கஸ்தெல்லமாரே வரை பெரிய வீதி, பிறகு ஸ்கொபெல்லோ. கடலுக்குள் நிற்கும் அந்தப் பெரிய பாறைகளைப் பார்த்து அப்பா காரை நிறுத்தச் சொன்னார். ஏழரைக்கே வாசலில் வரிசை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சனம் என்றால் சனம். ஆளுக்கு ஐந்து யூரோ டிக்கெட்.

நீ வந்தால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது செருப்போடு நடக்கிற பாதை இல்லை. தண்ணீரும் ஆளுக்கு இரண்டு போத்தலாவது வேண்டும், உள்ளே கடை கிடையாது.

வாசலில் மலையைக் குடைந்த ஒரு சுரங்கம் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? ஸ்கொபெல்லோவிலிருந்து சான் வீத்தோ வரை கடலோரமாகக் கார் வீதி போட வெட்டத் தொடங்கினார்களாம். 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கான சனம் இந்த மலையில் நடந்து வந்து, வீதி வேண்டாம் என்று நின்றிருக்கிறார்கள். வீதி அந்தச் சுரங்கத்தோடு நின்றுபோனது. அடுத்த வருடமே இதைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், சிசிலியில் அதுதான் முதலாவது. சின்னவன் இதைச் சொல்லிக்கொண்டு நடந்தபோது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. வேண்டாம் என்று சனம் சொன்னதை ஓர் அரசாங்கம் கேட்டிருக்கிறதே என்று.

சுரங்கம் தாண்டினால் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே கடல். மறுமுனை வரை ஏழு கிலோமீட்டர். நாங்கள் கப்ரேரியாவோடு நின்றுவிட்டோம், அதுதான் வழியில் வருகிற முதலாவது கடற்கரை. ஊத்சோக் குகைக்குப் போக அப்பாவுக்கு ஆசை, பத்தாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதர்களைப் புதைத்த இடமாம். முழங்கால் விடவில்லை.

வழி முழுக்கக் குட்டைப் பனை. இடுப்பளவு உயரம்தான், ஆனால் ஓலையைப் பார்த்தவுடன் எனக்கு ஊர் வந்துவிட்டது. விரித்த விசிறி போல அதே ஓலை, காம்பில் அதே கருக்கு. இந்த ஊர்க்காரரும் அந்த ஓலையில் பெட்டியும் விளக்குமாறும் பின்னினவர்கள்தானாம். அம்மம்மா கடகம் இழைக்கும்போது ஓலையை நனைத்து மடியில் போட்டுக்கொள்வாரே, அந்த மணம் வருமா என்று ஓர் ஓலை நுனியைத் தேய்த்துப் பார்த்தேன். வரவில்லை, காய்ந்து கிடந்தது. 2020 ஆகஸ்டில் அந்த மலை எரிந்தபோது டிவியில் பார்த்தோம். சில பனைகளின் அடி இன்னும் கரி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அதே அடியிலிருந்து சுற்றிவரப் பச்சை ஓலை.

இருபது நிமிட நடைதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நிழல் கிடையாது. எட்டு மணிக்கே வெயில் பிடரியில் ஏறிவிட்டது. கடைசி இறக்கத்தில் கல்லெல்லாம் காலடியில் உருளும். அப்பாவைச் சின்னவன் பிடித்துக்கொண்டான், நான் ஒரு கையால் பாறையையும் மறுகையால் சாப்பாட்டுப் பையையும் பிடித்தபடி இறங்கினேன். அங்கேதான் நின்றேன்.

இந்த இறக்கத்தில் நீ என்னத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய், பிள்ளை?

2004ஆம் ஆண்டு. உனக்கு 11 வயது. நான் வேலை செய்த வீட்டுச் சின்யோரா கேட்டார், எங்கள் பிள்ளைகளோடு உங்கள் மகளும் கடலுக்கு வரட்டுமே, கோடை விடுமுறையில் பாவம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கீழ்வீட்டு மாமியிடமும் சொன்னேன். உனக்கு அந்த மஞ்சள் நீச்சல் உடை வாங்கினேன், பல்லாரோச் சந்தையில். செருப்புத்தான் போட்டு அனுப்பினேன். சப்பாத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் நீ வந்தாய். தோள்பட்டை சிவந்திருந்தது. செருப்பின் வார் அறுந்து, கயிற்றால் கட்டியிருந்தாய். குதிக்காலில் கொப்புளம். மஞ்சள் உடையைக் கழுவ எடுத்தேன், அதில் உப்பும் இல்லை, மணலும் இல்லை. "நீ குளிக்கவில்லையா?" என்று கேட்டேன். "சின்னவர்கள் தண்ணீருக்குள் போனார்கள், நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டேன்" என்றாய். நாலு வயதும் ஆறு வயதும். உனக்கோ நீந்தத் தெரியாது. அவர்களில் ஒருவன் சறுக்கியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று அன்று நான் யோசிக்கவில்லை. குளிர்ப்பெட்டியை யார் தூக்கியது என்றும் கேட்கவில்லை. உன் உள்ளங்கையைப் பார்த்தேன், கேட்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்த வாரம் திரும்பவும் கேட்டார்கள். "நான் போகவில்லை, அம்மா" என்றாய். நீ அழவில்லை. மேசையில் கை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி போலச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள். அவர்களைப் பகைத்தால் சொஜோர்னோ, நாங்கள் இங்கே இருக்கிற விசா, புதுப்பிக்க யார் கையெழுத்துப் போடுவது?" என்றேன். 11 வயதுப் பிள்ளையின் தலையில் எங்கள் வீட்டு விசாவை வைத்தேன். நீ போனாய். அதற்கடுத்த வாரமும் போனாய்.

நீ அறியாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் சின்யோரா என் கையில் இருபது யூரோ வைத்தார். "பிள்ளைக்கு" என்றார். அன்பளிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூலி என்று எனக்குத் தெரியும். மூன்று முறை, அறுபது யூரோ. உனக்குப் புத்தகப் பை வாங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் சீட்டுக்குப் போனது. 21 வருடமாக இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மலைக் குகைக் கோயிலில் இருக்கிற, இந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியா மாதாவிடம்கூடச் சொல்லவில்லை, அங்கே போனால் உங்கள் இரண்டு பேருக்காகவும் கேட்டுவிட்டு இறங்கிவிடுவேன்.

கடல் வடிவுதான், அதில் குறை இல்லை. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் முற்றம் அளவு கரை, எல்லாம் வெள்ளைக் கூழாங்கல். தண்ணீர் அவ்வளவு தெளிவு, இடுப்பளவு ஆழத்திலும் என் கால்விரல் நகம் தெரிந்தது. ஆமாம், நான் இடுப்பு வரை இறங்கினேன். சுடிதாரோடு. சின்னவன் கையைப் பிடித்திருந்தான். பத்து மணிக்குள் துவாய் விரிக்க இடமில்லாமல் சனம் நிறைந்துவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை, ஆறு வயது இருக்கும், முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்று கத்தியது. தாய் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானும் உள்ளே போய் நின்றாள்.

கூழாங்கல் சுடும், சப்பாத்து வேண்டும். எழுதிவிட்டேன் போலிருக்கிறது. பரவாயில்லை.

இன்னோர் அலுவல். ஜூன் மாதம் உனக்கு அனுப்பிய பார்சல் ஜூலைக் கடைசியில் திரும்பி வந்தது. மிளகாய்த்தூள், பனங்கட்டி, மருமகனுக்கு எடுத்த நீலச் சட்டை. மேலே ஒட்டியிருந்த துண்டைச் சின்னவன் வாசித்தான். அந்த முகவரியில் நீ இல்லை என்று எழுதியிருந்ததாம். அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் பெட்டியின் கயிற்றை வெட்டிக்கொண்டு நின்றான். அப்பாவிடம், சுங்கத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். இப்போதெல்லாம் இங்கிலாந்துக்கு அனுப்புவது கஷ்டம்தானே, அவரும் நம்பிவிட்டார். சட்டையைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். அது சின்னவனுக்கும் அளவுதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பர்மிங்ஹாமில் இருக்கிற மாமி போனில் ஏதோ சொல்ல வந்தார், அடுப்பில் கறி இருக்கிறது என்று வைத்துவிட்டேன். எதுவானாலும் நீ சொல்லி நான் கேட்க வேண்டும், மற்றவர் வாயால் வேண்டாம். ஆனால் இதை மட்டும் எழுதுகிறேன். நீ எங்கேயாவது, யாரிடமாவது, "முடியாது" என்று சொல்லியிருந்தால், நான் இந்த முறை "பொறுத்துக்கொள்" என்று சொல்ல மாட்டேன். சனம் என்ன சொல்லும் என்றும் கேட்க மாட்டேன். அப்பாவிடம் நான் கதைத்துக்கொள்கிறேன். அவர் இரண்டு நாள் பேசாமல் இருப்பார், மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கேட்பார், உனக்கே தெரியும்.

நீ நல்லாகச் சாப்பிடுகிறாயா? இரவு வேலை என்றால் வரும்போது தனியாக நடந்து வராதே. வாடகைக்குக் காசு காணாவிட்டால் எழுது. என்னிடம் இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. கோபம் என்றால் அதையாவது எழுது. வாய் திறக்காமல் இருந்தால் நான் இங்கே எதையெல்லாம் நினைப்பேன்? ஒரு தாய்க்கு இப்படியா செய்வது?

நாளை மறுநாள் இரவு ரொசாலியா மலைக்கு ஏறுகிறோம், 4ஆம் திகதி திருநாள். அப்பா இந்த முறை பஸ்ஸில் வருவார், நான் வழக்கம் போல வெறுங்காலோடு ஏறுவேன். குகையின் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்து ஏந்தி விட்டிருப்பார்களே, சின்ன வயதில் நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாய். மாதா கலியாணம் வேண்டாம் என்று வீட்டை விட்டுப் போய் அந்தக் குகையில் தனியே இருந்தவர் என்கிறார்கள். 400 வருடத்துக்கு முன் கொள்ளைநோய் வந்தபோது இந்த ஊரே அவரிடம்தான் போய் நின்றது. முன்பு அதைக் கதையாகத்தான் கேட்டேன்.

உன் அறை அப்படியே இருக்கிறது. தையல் மெஷினை வெளியே எடுத்து, கட்டிலுக்குப் புதிய விரிப்புப் போட்டிருக்கிறேன். ஒற்றைக் கட்டில்தான், உனக்குப் போதும். அக்டோபர் தொடக்கத்தில் கடல் இன்னும் சூடாக இருக்கும், சனமும் குறைந்துவிடும் என்று சின்னவன் சொல்கிறான். வா. கப்ரேரியாவுக்கு நீயும் நானும் மட்டும் போவோம். பை, குளிர்ப்பெட்டி, குடை எல்லாம் நான் தூக்குவேன். நீ நேரே தண்ணீருக்குள் போ. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நில்.

இந்தக் கடிதத்தைச் சின்னவன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான், எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியாதபடியால். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், இவ்வளவு நீளம் வாசிக்க மாட்டான். பயப்படாதே.

சந்தையில் கடலுக்குள் போடுகிற ரப்பர்ச் சப்பாத்து வந்திருக்கிறது. அடி தடிப்பு, கல் குத்தாது. பச்சையும் கறுப்பும் இருக்கிறது, பச்சை எடுக்கிறேன். உன் கால் அளவு இன்னும் 37தானா? கலியாணத்துக்கு வாங்கியது 38 என்று ஒரு நினைவு. எது என்று மட்டும் எழுதி அனுப்பு, சனிக்கிழமைக்குள்.

அன்புடன்,
அம்மா