ஆட்டோ சைஸ் விமானத்துக்கு ஜெட் விமானத்தின் பில்: ஐந்தாவது முறையாக ஒரு புகார்

அனுப்புநர்:
செயல்பாட்டுப் பொறுப்பாளர் (விமான உரிமையாளர் சார்பில்),
கும்பகோணம்.

பெறுநர்:
பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விமானத் தரைப்பணி முகமை நிறுவனம், சென்னை.

பொருள்: ஜூலை 24 அன்று திருச்சிக்கு வந்து திரும்பிய செஸ்னா 172எஸ் விமானத்துக்கு ரூ.63,720 பில் போட்டது, தவறான எரிபொருளை அனுப்பியது, சக்கர உறையை உடைத்தது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான்கு மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. நான்குக்கும் ஒரே பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி." ஒவ்வொரு பதிலிலும் ஒரு புது டிக்கெட் எண். பழைய எண்ணைச் சொன்னால் "அது க்ளோஸ் ஆயிடுச்சு", புது எண்ணைச் சொன்னால் "அது இன்னும் ஓபன் ஆகல". அதனால்தான் இந்த முறை காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து யாராவது ஒருவர் கடைசி வரை படிக்கவும்.

உங்கள் பில்லில் எட்டு வரி இருக்கிறது. அடிப்படைத் தரைப்பணி 20,000. ஜிபியு (தரையிலிருந்து விமானத்துக்கு மின்சாரம் தரும் வண்டி) 9,500. டாய்லெட் சர்வீஸ் 4,500. குடிநீர் 2,500. புஷ்பேக் (விமானத்தைப் பின்னால் தள்ளிவிடுவது) 7,500. பயணி ஏணி 3,500. எரிபொருள் ஒருங்கிணைப்பு 5,000. பார்க்கிங், அதை எங்கள் சார்பில் கட்டியதற்கான உங்கள் கூலியோடு சேர்த்து, 1,500. ஆக 54,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் 9,720. மொத்தம் 63,720.

செஸ்னா 172 என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நான்கு இருக்கை, ஒரே எஞ்சின், இறக்கை மேலே. கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தால் தரைக்கு வந்துவிடலாம். இதற்கு ஏணி கொண்டுவந்து எங்கே சாத்தினீர்கள்? ஸ்டார்ட் செய்ய அதற்குள்ளேயே 24 வோல்ட் பேட்டரி இருக்கிறது; அன்றைக்கு அது ஒரே சாவித் திருப்பலில் பிடித்தது. ஜிபியு வண்டி பக்கத்தில்கூட வரவில்லை. புஷ்பேக் என்கிறீர்கள். உங்கள் டிராக்டர் வந்தது உண்மை. ஆனால் அதில் இருந்தது பெரிய விமானத்துக்கான டோ பார் (இழுவைக் கம்பி). கடைசியில் விமானத்தின் சாமான் அறையில் இருந்த கைப்பிடி டோ பாரை மாட்டி விமானியும் ஒரு உதவியாளரும்தான் தள்ளினார்கள். டாய்லெட் சர்வீஸ் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. அந்த விமானத்தில் டாய்லெட் எங்கே இருக்கிறது என்று உங்கள் ஆள் வந்து காட்டட்டும், அந்த 4,500ஐ அன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

இந்த எட்டு வரியும் எப்படி வந்தது என்பது தெரிந்ததுதான். பிசினஸ் ஜெட்டுக்கு வைத்திருக்கும் பில் மாதிரியை எடுத்து, பதிவு எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் "2 டன்னுக்கு உட்பட்ட இலகு விமானம், எல்லாம் சேர்த்து ரூ.12,000, வரி தனி" என்று இருக்கிறது. அதை நம்பித்தான் 40,000 முன்பணம் கட்டினோம். அவ்வளவு முன்பணம் எதற்கு என்று அப்போதே கேட்டோம். "மீதி ரிட்டர்ன் ஆயிடும் சார்" என்றீர்கள். இப்போது இன்னும் 23,720 கட்டச் சொல்கிறீர்கள்.

இதைக் கேட்கப் போனபோதுதான் உங்கள் பில்லிங் பிரிவில் மதிய ஷிஃப்டில் இருக்கும் அந்தத் தம்பி சொன்னார்: "ஆட்டோ சைஸ் பிளேனுக்கு இவ்ளோ கேள்வியா சார்? பெரிய ஆபரேட்டர்லாம் வாயத் தொறக்காம கட்டிட்டுப் போறாங்க." எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் ஏறும்போது பேசிய காசைத்தான் இறங்கும்போதும் கேட்கிறார்கள். அந்த அளவுக்கு நீங்கள் இருந்திருந்தாலே இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

பார்க்கிங் கணக்குக்கு வருகிறேன். தொகை சின்னதுதான், ஆனால் அதில் இருக்கும் தவறு உங்கள் மொத்த பில்லையும் காட்டிக்கொடுக்கிறது. சக்கரம் தரையைத் தொட்டது காலை 9.15. திரும்ப ஏறியது 11.25. தரையில் இருந்தது 2 மணி 10 நிமிடம். நீங்களே பில்லோடு இணைத்திருக்கும் கட்டண அட்டையில் முதல் 2 மணி நேரம் இலவசம். அதோடு இறங்கி நிறுத்துமிடத்துக்கு வர 15 நிமிடம், கிளம்பி ஓடுபாதைக்குப் போக 15 நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அரை மணியைக் கழித்தால் 1 மணி 40 நிமிடம். கட்டணம் பூஜ்யம். உங்கள் பில்லில் எப்படி 6 மணி நேரம் வந்தது? வந்த நேரத்தை 03.45 என்று எழுதியிருக்கிறீர்கள்; அது யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். போன நேரத்தை 11.25 என்று எழுதியிருக்கிறீர்கள். அது நம் நேரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஐந்தரை மணியும் எங்கள் தலையில். 7 மணி 40 நிமிடத்தில் 2 மணியைக் கழித்து, மீதியை 6 என்று முழுசாக்கிவிட்டீர்கள்.

பார்க்கிங் கணக்கில் போட்ட எடையும் அப்படித்தான். இந்த விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,157 கிலோ. பில்லில் 11.57 டன், அதை 12 ஆக்கிப் பெருக்கியிருக்கிறீர்கள். புள்ளி ஓர் இடம் நகர்ந்துவிட்டது. பன்னிரண்டு டன் விமானத்தை இரண்டு பேர் கையால் தள்ளினார்களா என்று உங்கள் கணக்குப் பிரிவில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? விமான நிலையத்தின் நிறுத்தக் கட்டணம் இலகு விமானத்துக்கு எப்போதும் சில்லறைதான். கசக்கிப் பிழிவது இடையில் நிற்கும் முகமைதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பணத்தை விடுங்கள். எரிபொருள் விஷயத்தை விட முடியாது. 60 லிட்டர் ஏவ்கேஸ் 100எல்எல் (பிஸ்டன் எஞ்சினுக்கான விமானப் பெட்ரோல்), பேரலில், வடிகட்டியும் கைப்பம்பும் எர்த் வயரும் சேர்த்து வேண்டும் என்று ஐந்து நாள் முன்னதாகவே எழுத்தில் கேட்டிருந்தோம். வந்து நின்றது ஜெட் ஏ1 பௌசர், அதாவது ஜெட் எரிபொருள் டேங்கர் வண்டி. பௌசர் ஓட்டுநர் மீது தவறில்லை. அவர் கையில் இருந்த உங்கள் சீட்டில் "ஜெட் ஏ1" என்றுதான் இருந்தது. அவரே விமானத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது பிஸ்டன் வண்டிதானே?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு இருந்த அக்கறை உங்கள் அலுவலகத்தில் இல்லை.

அது உள்ளே போயிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஜெட் ஏ1 மண்ணெண்ணெய் வகை. லைகமிங் ஐஓ-360 மாதிரியான பிஸ்டன் எஞ்சினில் அது கலந்தால், எரிய வேண்டிய விதத்தில் எரியாமல் சிலிண்டருக்குள் வெடிக்கும். குழாயில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடுபாதை வரை போகும், ஏறவும் ஏறும். முழு பவரில் கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் பிஸ்டன் போகும், அப்போது கீழே இருப்பது வீடுகளாக இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏவ்கேஸ் நீல நிறம், ஜெட் ஏ1 கிட்டத்தட்ட நிறமற்றது. ஆனால் பாதித் தொட்டியில் கலந்துவிட்டால் நீலம் கொஞ்சம் வெளுத்த மாதிரிதான் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். ஏவ்கேஸ் என்றால் காய்ந்து தடம் இல்லாமல் போகும், ஜெட் கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும். இதற்காகத்தான் ஜெட் பௌசரின் குழாய் மூக்கே அகலமாகச் செய்யப்படுகிறது. இத்தனை தடுப்பையும் தாண்டி உங்கள் சீட்டு உள்ளே வந்துவிட்டது. விமானி எரிபொருளே வாங்காமல் திரும்பினார். பெங்களூர் ஜக்கூரிலிருந்து திருச்சி சுமார் 150 கடல் மைல். போய்வரச் சுமார் 100 லிட்டர் போதும், தொட்டியில் 200 லிட்டர் இருந்தது. அதனால் பிழைத்தோம். இந்தச் சேவைக்கு "ஒருங்கிணைப்பு" என்று பெயர், விலை 5,000.

அடுத்தது காற்று. ஆடி மாதம் திருச்சியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஓடுபாதை கிழக்கு மேற்காக (ஓடுபாதை எண் 09/27) இருப்பதால் ஆடியில் இறங்குவது கஷ்டமில்லை, காற்று நேர் முகத்தில் வரும். நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், இது இறக்கை உள்ள பொருள். மூக்கைக் காற்றுக்கு நேராக, மேற்கே பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் கயிறு போட்டு எடைக்கட்டையில் கட்ட வேண்டும். உங்கள் ஆள் கிழக்கே பார்த்து நிறுத்த வைத்தார். பின்னாலிருந்து காற்று அடித்தால் வாலில் அசையும் பலகைகளான எலிவேட்டரும் ரடரும் படபடவென்று போய் அடித்துக்கொள்ளும், கீல் தளரும். மூன்று கயிறு கேட்டிருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. விமானியே விமானத்தைத் திருப்பி, அந்தப் பலகைகள் அசையாமல் இருக்கக் கண்ட்ரோல் லாக் போட்டு, விமானத்தை விட்டு நகர முடியாமல் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றார். எந்த வேலைக்காக விமானம் வந்ததோ அந்த வேலையே பாழ். கணக்குப் பார்த்தால் எங்களுக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம்.

திருப்பும்போது உதவிக்கு வந்த உங்கள் ஊழியர் ப்ரொப்பெல்லரைப் பிடித்துத் தள்ளப் போனார். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் ஒன்று அறுந்திருந்தாலும் போதும், சாவி அணைந்திருந்தாலும் ப்ரொப்பெல்லர் சுற்றிவிடும், கை போய்விடும். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம், பயிற்சி கொடுங்கள்.

சக்கர உறைக்கு வருகிறேன். பிரதான சக்கரத்தின் மேல் ஃபைபர் உறை இருக்கிறது. அதன் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் உள்ளங்கை அளவு இடம்தான். சக்கரம் உருளாமல் தடுக்க அதற்குக் கயிறு கட்டிய சின்ன மரக்கட்டை போதும். உங்கள் ஆட்கள் கொண்டுவந்தது பெரிய விமானத்தின் ரப்பர் தடுப்புக்கட்டை (சாக்). காலால் உதைத்து உள்ளே தள்ளியதில் இடது உறையின் முன்பக்கம் உள்ளங்கை நீளத்துக்கு விரிசல், விளிம்பில் ஒரு துண்டு உடைந்து தனியே வந்துவிட்டது. பறக்கும்போது அதிர்வில் அந்த விரிசல் வளரும். உறையைக் கழற்றிப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். புகைப்படத்தைத் தனியாக நான்கு முறை அனுப்பினேன். "அட்டாச்மெண்ட் ஓபன் ஆகல" என்று நான்கு முறை பதில்.

பிறகு நேரில் வரச் சொன்னீர்கள். அசல் பில், உரிமையாளரின் அங்கீகாரக் கடிதம், முத்திரையோடு. கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 100 கிலோமீட்டர். முதல் தடவை: உங்கள் மேஜையில் ஆள் இல்லை, நாற்காலியில் ஒரு பை மட்டும் இருந்தது. இரண்டாம் தடவை: முத்திரை வட்டமாக இருக்கிறது, நீள்சதுரமாக வேண்டும். மூன்றாம் தடவை: எல்லாம் சரி, ஆனால் "பில்லைத் திருத்துற ஆப்ஷன் இங்க இல்ல, சென்னையில பேசுங்க." சென்னைக்கு போன் செய்தால் எடுத்தது யார்? அதே மதிய ஷிஃப்ட் தம்பி. "ஓ, அந்த ஆட்டோ பிளேனா?" என்று சிரித்தார். பின்னால் இன்னும் ஒருவர் சிரித்தது கேட்டது. மேட்டூர் அணை என்றைக்குத் திறக்கும் என்பதைக்கூட எங்கள் விவசாயிகள் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார்கள், உங்கள் திருத்திய பில் என்றைக்கு வரும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஐயா, சண்டை போடுவது என் நோக்கமில்லை. டெல்டாவுக்குச் சின்ன விமானங்கள் வந்துபோக வேண்டும், அதற்கு உங்களைப் போன்ற நிறுவனங்கள் வேண்டும். திருச்சி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களும் விமான நிலைய நிறுத்துமிடப் பணியாளர்களும் அன்று நன்றாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் மீது இம்மியளவும் குறை இல்லை. கேட்பது இவ்வளவுதான். கொட்டேஷன்படி 12,000, வரியோடு 14,160 எடுத்துக்கொண்டு முன்பணத்தில் மீதி 25,840ஐத் திருப்பி அனுப்புங்கள். சக்கர உறை மாற்றும் செலவைப் பொறியாளர் பில்படி கொடுங்கள். எரிபொருள் சீட்டில் "ஜெட் ஏ1" என்று எழுதியது யார், ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் தம்பி போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும்; மின்னஞ்சல் டெம்ப்ளேட்டில் இல்லை, அவர் குரலில்.

15 நாள் பார்ப்பேன். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு, அடுத்து தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019 சட்டப்படி வழக்கு. "வணிக நோக்கம்" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். இது சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானம், வாடகைக்கு விடுவதே இல்லை. எரிபொருள் விஷயம் தனியாக விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்குப் போகும். அங்கே டிக்கெட் எண் கேட்க மாட்டார்கள், சீட்டின் நகலைத்தான் கேட்பார்கள். அது என்னிடம் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
செயல்பாட்டுப் பொறுப்பாளர்

பி.கு.: உடைந்த ஃபைபர் துண்டைத் துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க ஆள் அனுப்புவதானால் முதல் நாளே போன் செய்யுங்கள். அங்கீகாரக் கடிதத்தோடு வரச் சொல்லுங்கள். முத்திரை எந்த வடிவத்தில் இருந்தாலும் பரவாயில்லை.