மீன் துள்ளும் கிணறும் மஞ்சள் காமாலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பாட்டி காலத்துக் குடிநீரைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது காபி சூடாக இருந்தது. இரண்டாம் முறை படித்து முடித்தபோது ஆறி ஆடை கட்டியிருந்தது. கட்டுரையாளரின் நடை இனிமையானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ‘கிணற்றில் மீன் துள்ளினால் போதும், அந்த நீரை வேட்டியில் வடிகட்டி அப்படியே குடிக்கலாம், எந்தச் சோதனைக்கூடமும் தேவையில்லை’ என்ற வாக்கியத்தைத் தாங்கள் தனிக்கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் வெளியிட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். ‘எந்தச் சோதனைக்கூடமும் தேவையில்லை’ என்பதை எனக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொண்டேன் என்றால் தாங்கள் மன்னிக்க வேண்டும்.

மீன் துள்ளும் கிணறு ஒன்றை நானும் பார்த்திருக்கிறேன். என் தம்பி மகளின் திருமணம் நடந்த மண்டபத்தில், சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கிணறு. பந்தியில் இலைக்கு இலை தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். ஆனால் வாசலில் வருகிறவர்களுக்குக் கொடுத்த எலுமிச்சைச் சாறும், பந்தியில் ஊற்றிய நீர்மோரும் கிணற்று நீரில் கலந்தவை என்பதைச் சமையற்காரர் வாயால் கேட்டு, கிணற்றடிக்குப் போனேன். மண்டப மேலாளர் உடன் வந்தார். கையில் இருந்த பொரியை உள்ளே தூவினார். ஜிலேபிக் கெண்டைகள் பத்துப் பன்னிரண்டு மேலே வந்து வாயைத் திறந்தன. “பாருங்கம்மா, மீனே குடிக்குது, மனுஷனுக்கு என்ன?” என்றார். கிணற்றுக்கும் கழிவறைத் தொட்டிக்கும் இடையே முப்பது அடி இருந்தால் அதிகம். ‘சாண்ட் ஃபில்டர் போட்டிருக்கோம்’ என்று நீலநிற உருளை ஒன்றையும் தட்டிக் காட்டினார்.

ஓய்வு பெற்ற பிறகும் என் கைப்பையில் குளோரின் பார்க்கும் சிறு குப்பி இருக்கும். வீட்டில் கேலி செய்வார்கள். அந்த உருளையைத் தாண்டி வந்த குழாய் நீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் நீர் மஞ்சளாக வேண்டும். நிறமே மாறாமல் நின்றது. மேலாளர் சிரித்துக்கொண்டே, “பார்த்தீங்களா, ஒரு கலரும் இல்ல, சுத்தம்” என்றார். நீரில் வர வேண்டிய அந்த மஞ்சள், சரியாக நான்கு வாரம் கழித்து மாப்பிள்ளையின் கண்ணில் வந்தது. அடுத்த பத்து நாட்களில் எங்கள் உறவில் பதினோரு வீடுகளிலிருந்து கீழாநெல்லி கேட்டுத் தொலைபேசி வந்தது.

இந்தக் காமாலையைத் தரும் ஹெப்படைடிஸ்-ஏ வைரஸ் உடலுக்குள் போய் மஞ்சள் காட்ட ஏறத்தாழ 28 நாட்கள் ஆகும். அதற்குள் மண்டபத்தில் வேறு திருமணங்கள் நடந்து முடிந்திருக்கும், யாரும் கிணற்றை நினைக்க மாட்டார்கள். நான் நினைத்தேன். முறைப்படி நீர் எடுத்துவந்து, பழைய சக ஊழியர்களிடம் கொடுத்து, குடல் கிருமி வளர்ந்தால் வாயு விடும் ஊட்டக்கரைசல் உள்ள பதினைந்து குழாய்களில் இட்டு 37 டிகிரியில் வைத்தோம். மறுநாள் காலையிலேயே பதினைந்திலும் உள்ளே கவிழ்த்திருந்த சின்னக் குழல்கள் வாயு நிறைந்து மேலே எழும்பியிருந்தன. மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அது வலுவான அறிகுறி. காமாலைக்கிருமி இதிலிருந்துதான் போனது என்று சட்டப்படி நிரூபிக்க அது போதாது என்பதும் எனக்குத் தெரியும். மண்டபத்தார் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மீனைத்தான் மீண்டும் காட்டினார்கள்.

மீன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தாங்கள் அறியாததல்ல. நீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடங்களில் மீனைத்தான் தொட்டியில் விட்டு, 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாகும் அளவு எது என்று கணக்கிடுகிறார்கள். உலோகம், பூச்சிமருந்து, அமோனியா ஆகியவற்றுக்கு அது நல்ல சாட்சி. மனிதக் குடலையும் ஈரலையும் தேடிவரும் கிருமிக்கு மீனின் உடம்பில் வேலையே இல்லை. ஆகவே அந்தச் சாட்சிக்கு இந்த வழக்கைப் பற்றி எதுவும் தெரியாது. அதிலும் ஜிலேபிக் கெண்டை சாக்கடையிலும் கொழுக்கும் மீன். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்குக் காவலான அதே அளவு மீனின் செவுளைக் கெடுத்துக் கொல்லப் போதுமானது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், குழாய் நீரை அப்படியே ஊற்றினால் மீன் செத்துப்போகும் என்று சொல்லும். ஆக, அந்தக் கிணற்றில் மீன் துள்ளியது ஒன்றைத்தான் நிரூபித்தது: அதில் துளிக் குளோரினும் இல்லை.

மீன் சாட்சி சொல்லும் வழக்குகளில் தங்கள் நாளிதழ் அதன் பேச்சைக் கேட்டதும் இல்லை. ஏரியில் மீன் செத்து மிதக்கும் ஒவ்வொரு கோடையிலும் ‘மர்மமான முறையில்’ என்றே செய்தி வருகிறது. நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். தங்கள் நிருபர் பத்து மணி வெயிலில் போய் நிற்கும்போது பாசிகள் அதைத் திருப்பித் தந்திருக்கும். மர்மம் அவ்வளவுதான். நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போன விஷயத்தைக்கூட, உயர்நீதிமன்றம் 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே தாங்கள் பெரிதாக எழுதினீர்கள் என்பது என் நினைவு. தவறென்றால் திருத்துங்கள்.

வேட்டித் துணிக்கு வருகிறேன். துணியை நான் இகழவில்லை. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் பழைய புடவையை நான்காக, எட்டாக மடித்து வடிகட்டச் சொல்லிப் பார்த்து, காலரா 48 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி குளத்து நீரில் நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதால், அந்த உயிரியைத் தடுத்தால் கிருமியும் தடைபடுகிறது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறிய புடவையின் இழை இடைவெளி சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருங்குவதால் புதுத்துணியைவிடப் பழையது மேல். அருமையான ஆய்வு. ஆனாலும் அது பாதி நோயைத்தான் குறைத்தது. தனியாக நீந்தும் பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான்தான். காமாலை வைரஸோ அதிலும் முப்பதில் ஒரு பங்குகூட இராது. எங்கள் வீட்டிலேயே இருக்கும் பீங்கான் மெழுகுவர்த்தி வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், இதை நிறுத்தாது. அதற்கு நன்றாகக் கொதிக்கவைப்பதோ முறையான குளோரினோதான் வழி.

மணலும் அப்படித்தான். 1892-இல் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் கொடுத்து, காலராவில் 8,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு கீழே அதே ஆற்றில் நீர் எடுத்த ஆல்டோனா, மணலில் மெல்ல வடித்துக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பியது. ஒரே தெருவின் ஒரு பக்கத்தில் சாவு, எதிர்ப்பக்கத்தில் இல்லை. நம் சென்னைக்கு 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் வந்தபோது வடிகட்டாமலே வந்தது. கீழ்ப்பாக்கத்தில் பொறியாளர் மேட்லியின் மணல் வடிகட்டிப் படுகைகள் 1914-இல்தான் வந்தன. அங்கே வேலை செய்வது மணலே அல்ல. மணலின் மேல் பல நாள் ஊறிப் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலம்தான் கிருமியைப் பிடித்துத் தின்கிறது. மண்டபத்து நீல உருளையில் நீர் பாய்கிற வேகத்துக்கு அந்தப் படலம் பிறக்கவே பிறக்காது. கலங்கலை மட்டும் நீக்கி, கிருமியைப் பளிச்சென்ற நீரில் நமக்குக் கொடுக்கும்.

‘பாட்டிமார் நோயின்றி வாழ்ந்தார்கள்’ என்பதையும் விட்டுவிட மனம் வரவில்லை. என் பாட்டி எட்டுப் பெற்றார். மூன்றை வாந்திபேதி கொண்டுபோனது. மீதி ஐந்தும் சிறுவயதிலேயே காமாலைக்கிருமியைக் குடித்து, பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் எதிர்ப்புச் சக்தி பெற்றன. அந்தத் திருமணத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுக்குமாடியில் வளர்ந்த மாப்பிள்ளை படுத்தார். பிழைத்தவர்களை மட்டும் எண்ணி எழுதினால் எந்தக் காலமும் பொற்காலம்தான். காலராவே பழங்கதை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓ139 என்ற புதுவகைக் காலரா 1992-இல் முதலில் தலைகாட்டியது நம் சென்னையில்.

மூன்றாண்டுகளுக்கு முன்பும் தங்களுக்கு எழுதினேன். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் கருவி 40 காட்டினால் கிருமியில்லாத நீர் என்று தங்கள் நிருபர் எழுதியதற்கு, அந்தக் கருவி உப்பை மட்டுமே எண்ணும், ஒரு சிட்டிகை உப்புக்குத் துள்ளும், ஒரு துளிச் சாக்கடைக்கு அசையாது என்று விளக்கினேன். விற்பனையாளர் நீரில் கம்பிகளை விட்டுப் பழுப்புச் சகதி காட்டுவது நீரின் அழுக்கன்று, கம்பியின் இரும்பே கரைகிறது என்றும் எழுதினேன். அந்த வாரம் தீபாவளி மலர் அட்டைப்படத்தைப் பாராட்டிய கடிதம் வெளியானது. அட்டைப்படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் தங்கத்தின் விலையையும் தாங்கள் ஒருநாளும் தவறவிடுவதில்லை. அவற்றுக்குக் கீழே வாரம் ஒருமுறை, நகரின் குடிநீரில் எஞ்சிய குளோரின் எவ்வளவு, 100 மில்லிலிட்டரில் மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா உண்டா இல்லையா என்று ஒரே ஒரு வரி போட முடியுமா? உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெறக்கூடிய விவரம்தான் அது. இடமில்லை என்றால், அந்தத் தனிக்கட்டத்து வாக்கியத்தை மட்டுமாவது அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். திருத்தம் போடுவது தங்கள் வழக்கம் இல்லையென்றால், ‘மீன் துள்ளும் நீர் மீனுக்கு நல்லது’ என்றாவது மாற்றுங்கள். அதற்கு நான் மறுப்பு எழுத மாட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நீர்ப் பரிசோதனைக்கூடப் பணியாளர்,
திருச்சிராப்பள்ளி