டிஸ்சார்ஜுக்கு முன் மணிக்கட்டை ஒருமுறை பாருங்கள்

ஆஞ்சியோ செய்யும் மருத்துவமனைகளின் இதயநோய் மருத்துவர்களுக்கும் வார்டு செவிலியர்களுக்கும்,

வணக்கம். தொடை வழியாகச் செய்துவந்த ஆஞ்சியோவை மணிக்கட்டுக்கு மாற்றியது நோயாளிகளுக்குப் பெரிய நன்மை. ரத்தக்கசிவு குறைந்தது, அன்றைக்கே எழுந்து நடக்க முடிகிறது. ஆனால் குழாய் போய்வந்த, கட்டை விரல் பக்கத்து ரேடியல் தமனி அப்புறம் என்ன ஆனது என்று பல வார்டுகளில் பார்ப்பதில்லை. என் அப்பாவுக்கும் பார்க்கவில்லை. மறுபடி ஆஞ்சியோ தேவைப்பட்டபோதுதான் வலது மணிக்கட்டுத் தமனி அடைத்துக் கிடப்பது தெரிந்தது.

வலி இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனி கைக்கு ரத்தம் கொடுத்துவிடுவதால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளங்கை வழியாகச் சுற்றி வரும் ரத்தத்தால், அடைப்புக்குக் கீழே நாடிகூடத் துடிக்கும். அதனால் தொட்டுப் பார்த்து 'நாடி இருக்கிறது' என்று எழுதுவது போதாது. அடுத்த ஆஞ்சியோவுக்கோ, பைபாஸுக்கு எடுக்கவோ, டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் பிஸ்டுலா போடவோ அந்தத் தமனி உதவாமல் போய்விடும். சர்க்கரையால் இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து கெடுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

சோதிக்கப் புதுக் கருவி வேண்டாம். கட்டை விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து தமனியை அழுத்துங்கள். திரையில் அலை படுத்துவிட்டு, எழாமலே இருந்தால் ரேடியல் அடைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்.

சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால், விரல்களைக் கவனித்தபடி அல்நார் தமனியை ஒரு மணி நேரம் அழுத்திவைப்பதிலேயே பலருக்குத் திறந்துவிடுகிறது. ரத்தம் ரேடியல் வழியே போக வேண்டியிருப்பதால், புதிதாக உறைந்த கட்டி விலகுகிறது. திறக்காமல் வலியோ மரத்துப்போவதோ இருந்தால், சில வாரங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி தருவதுண்டு. நாள் கடந்தால் இந்த வாய்ப்புகள் சுருங்கிவிடும்.

அதைவிட முக்கியம், அடைக்காமல் பார்ப்பது. போதுமான ஹெப்பாரின் கொடுப்பதை நீங்கள் அறிவீர்கள். நான் கெஞ்சிக் கேட்பது, குழாயை எடுத்ததும் காற்றேற்றி அழுத்தக் கட்டும் மணிக்கட்டுப் பட்டையைப் பற்றி. ரத்தம் நிற்கட்டும் என்று காற்றை முழுக்க ஏற்றி, மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள். கசிவு தெரியும்வரை மெல்ல இறக்கி, அது நிற்கும் அளவுக்கு மட்டும் திரும்ப ஏற்றினால் தமனிக்குள் ஓட்டமும் இருக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'ரேடியல் தமனி திறந்திருக்கிறதா?' என்று ஒரு வரி சேருங்கள். அதற்குப் பதில் எழுதாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்