பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள்

பள்ளி அறிவியல் கைடு போடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். சாயங்காலம் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் இதயம் பாடம். எங்களிடம் இருக்கும் கைடில் இதயப் படத்தில் வெறும் எண்கள்தான். பெயர்களைப் பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும். படத்தின் வலப்பக்கம்தான் இதயத்தின் இடப்பக்கம் என்பதே பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம்; இதில் இது வேறு.

ஒரு பையன் 7-ஐப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினான், "ஈரிதழ் வால்வு" என்று படித்தான், திரும்பி வருவதற்குள் 7-ஆ 8-ஆ என்று மறந்துவிட்டது. நாலைந்து தடவை புரட்டியபின் அலுத்துப்போய், "ஏழு ஈரிதழ், எட்டு மூவிதழ்" என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுவிட்டான். சரி, அந்த வால்வு எந்த இரண்டு அறைக்கு நடுவில் இருக்கிறது என்று கேட்டேன். முழித்தான்.

அப்புறம் எல்லாரையும் பென்சில் எடுக்கச் சொல்லி, பெயர்களைப் படத்தின் மேலேயே எழுத வைத்தேன். ரத்தம் போகும் வழிக்கு அம்புக்குறி. பக்கத்திலேயே "நுரையீரலிலிருந்து வருகிறது", "உடம்புக்குப் போகிறது" என்று இரண்டு மூன்று சொல். மறுநாள் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் ஏன் தடிமன் என்று கேட்டதும் அதே பையன் அம்பைத் தொட்டுக் காட்டி, "உடம்பு பூரா தள்ளணும்ல மிஸ்" என்றான்.

இது என் கைராசி இல்லை. படமும் விளக்கமும் தள்ளித் தள்ளி இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதிலேயே மனதின் சக்தி செலவாகிவிடும் என்று ஜான் ஸ்வெல்லர் என்ற உளவியலாளர் எப்போதோ சொல்லிவிட்டார். 1992-இல் ரிச்சர்ட் மேயர், ரிச்சர்ட் ஆண்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சைக்கிள் பம்பு வேலை செய்யும் விதத்தை அசைபடமாகக் காட்டிச் சோதித்தார்கள். சிலருக்கு விளக்கம் முதலில், படம் பிறகு. சிலருக்கு இரண்டும் ஒரே நேரத்தில். கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. புதுக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வதில்தான் சேர்த்துப் பார்த்தவர்கள் முந்தினார்கள். "எங்கள் கைடு படித்தவர்களுக்கும் மார்க் வருகிறதே" என்று நீங்கள் சொல்வதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மனப்பாடக் கேள்வியில் இந்தக் குறை வெளியே தெரியாது.

எண் போடுவது ஒன்றும் புதிதில்லை. 1658-இல் கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் குழந்தைகளுக்காகப் போட்ட படப் புத்தகத்திலும் எண்கள் உண்டு. மரக்கட்டையில் படம் செதுக்கிய காலம் அது. அப்போதே எண்ணுக்குரிய சொற்களைப் படத்தை ஒட்டியே வைத்தார். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் உங்களுக்கு என்ன தடை?

எண் மட்டும் போட்ட படம் பயிற்சிக்கு வேண்டும்தான். அதைப் பாடத்தின் கடைசியில் வையுங்கள். ஓரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த கார்ட்டூன் இதயத்தையும் எடுத்துவிடலாம். பிள்ளைகள் அதற்கு மீசை வரைந்ததுதான் மிச்சம். அடுத்த பதிப்பு வரும்வரை பழசையே அச்சடிப்பதாக இருந்தால், படத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளை இடமாவது விடுங்கள். பெயர்களை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்