பிக்கப் வண்டிக்காரப் பெரியவருக்கு

கொலராடோவில் சில்வர்ட்டனிலிருந்து யூரே போகும் மலைப்பாதை. 11,018 அடி உயர ரெட் மவுன்டன் கணவாயைத் தாண்டி இறங்கும்போது எங்கள் ஆர்வியில் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பெரிய பயண வண்டி) பிரேக் கருகும் வாடை. பெடல் பஞ்சாக அமுங்கியது. அங்கே பல இடங்களில் தடுப்புக்கம்பியே கிடையாது. எப்படியோ ஒதுங்கி நின்றோம்.

எதிரே ஏறி வந்த நீங்கள், கூப்பிடாமலே நிறுத்தினீர்கள். தண்ணீர் ஊற்றப்போன என் கணவரைத் தடுத்து, "டிஸ்க் விரிசல் விடும், தானாக ஆறட்டும்" என்றீர்கள். சக்கரத்தருகே புறங்கையை நீட்டி நீட்டிச் சூடு பார்த்தீர்கள். அப்புறம் இரண்டாம் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு மிதிக்கச் சொல்லி, உங்கள் வண்டியையும் திருப்பிக்கொண்டு யூரே வரை முன்னால் நிதானமாகப் போனீர்கள். ஊர் வந்ததும் ஒரு கையசைப்பு, மறுபடி மலையேறிவிட்டீர்கள்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது, சரி. அந்தப் பக்கம் இருக்கும் யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் எழுதுகிறேன். ரொம்ப நன்றி ஐயா.