இன்கியுபேட்டர் முதலில், எக்ஸ்-கல் பிறகு: மலையகப் பாடசாலைகளுக்கு உதவும் பழைய மாணவர் சங்கங்களுக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

உயர்தர உயிரியல் மாணவர்கள் பற்றீரியாக் கொலனிகளை (திரள்களை) நீலம், வெள்ளை என்று பிரித்துக் காணும் பரிசோதனைக்கென பிளாஸ்மிட் (பற்றீரியாவுக்குள் புகுத்தும் சிறிய டி.என்.ஏ. வளையம்), அம்பிசிலின் (நுண்ணுயிர்க்கொல்லி மருந்து), எக்ஸ்-கல் (நொதியம் வெட்டினால் நீலச் சாயம் தரும் பொருள்) அடங்கிய பெட்டிகளை வாங்கித் தர முன்வருகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நுவரெலியாவில் அதற்கு முன் வேண்டியது 37 பாகை செல்சியஸில் நிலையாக நிற்கும் ஓர் இன்கியுபேட்டர் (பற்றீரியா வளர்க்கும் வெப்பப் பெட்டி). அங்குள்ள அறைச் சூட்டில் ஈ.கோலை பற்றீரியா மறுநாள் கண்ணுக்குத் தெரியுமளவு வளராது. பிறகு நீலம் எங்கே?

பிளாஸ்மிட்டும் இப்போதைக்கு வேண்டாம். எம்ஜி1655, டிஎச்5ஆல்பா என்ற ஈ.கோலையின் இரண்டு ஆய்வுகூட வகைகள் போதும். தட்டின் அடியில் பேனாவால் நடுக்கோடு போட்டு ஒரு பாதியில் ஒன்று, மறுபாதியில் மற்றது. முதலாவதிடம் எக்ஸ்-கல்லை வெட்டும் பீற்றா-கலக்டோசிடேஸ் நொதியம் முழுமையாக இருப்பதால் நீலம். இரண்டாவதில் அந்த நொதியத்துக்கான பரம்பரையலகின் ஒரு பகுதி இல்லாததால் வெள்ளை. பிளாஸ்மிட் இல்லாததால் அம்பிசிலின் செலவும் மிச்சம்.

தட்டில் ஊற்ற, 500 மில்லிலீற்றர் எல்.பி. ஏகாரை (பற்றீரியா வளரும் கூழ் ஊடகம்) 50 பாகையளவுக்கு ஆறவிட்டு, எக்ஸ்-கல் கரைசல் (மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம்) 1 மில்லிலீற்றரும், 100 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. (நொதிய உற்பத்தியைத் தூண்டும் பொருள்) 2.5 மில்லிலீற்றரும் சேர்க்கவும். ஐ.பி.டி.ஜி. இல்லாவிட்டால் எம்ஜி1655 நொதியத்தை மிகக் குறைவாகவே ஆக்கும். "நன்றாக வளரட்டும்" என்று குளுக்கோசு போட்டுவிட வேண்டாம். நொதிய உற்பத்தி அடங்கிவிடும்.

எக்ஸ்-கல்லைக் கரைக்க டீ.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை வாங்காதீர்கள். அது 18.5 பாகையிலேயே உறையும். குளிர்ந்த காலையில் போத்தலுக்குள் கட்டியாகக் கிடக்கும். டீ.எம்.எஃப். என்ற மற்றக் கரைப்பான் அந்தக் குளிரில் உறையாது. ஆனால் தோலினூடாக உடலுக்குள் போகும், கையுறை கட்டாயம். கரைசலை ஃபொயில் சுற்றி, உறைபெட்டியில் வைக்கவும்.

நொதியம் எக்ஸ்-கல்லை வெட்டியதும் கிடைக்கும் துண்டுக்கு நிறமில்லை. காற்றின் ஒட்சிசனோடு இரண்டு துண்டுகள் இணைந்தால்தான் நீரில் கரையாத நீலச் சாயம் பிறந்து கொலனியிலேயே தங்கும். தட்டைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டினால் நிறம் பிந்தும். மூடியில் நீர் கோர்த்துச் சொட்டினால் கொலனிகள் கலந்துவிடும், ஆகவே தட்டைக் கவிழ்த்தே வைக்கவும். 18 மணித்தியாலம் கழித்தும் நீலம் வெளிறியிருந்தால் 4 பாகையில் சில மணித்தியாலம் வைத்தால் கருக்கும்.

ஓட்டோகிளேவுக்குப் (நீராவி அழுத்தத்தால் கிருமியழிக்கும் கருவி) பதில் பிரஷர் குக்கர் தருவதாயின் ஒன்று. நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில், 15 பி.எஸ்.ஐ. அழுத்தக் குக்கருக்குள்ளும் 118 பாகையளவே ஏறும். புத்தகத்திலுள்ள 15 நிமிடத்தை 30 ஆக்குங்கள். பயன்படுத்திய தட்டுகளையும் அதே 30 நிமிடம் அவித்த பிறகே குப்பைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வுகூடப் பணியாளர் சிலர்